நாலு பேர்

1978. எனக்குப் பதினாறு வயது. திருவொற்றியூர் கடற்கரையில், மேடேற்றி வைத்திருந்த கட்டுமரங்களுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து முதன்முதலாகச் சுண்டக்கஞ்சி குடித்தேன். சோற்றைப் புளிக்கவிட்டு, துணியில் வடிகட்டித் தருவார்கள். அலுமினிய டம்ளரில் சாம்பல் வெள்ளையாக இருந்தது. கடித்துக்கொள்ளச் சுட்ட நெத்திலிக் கருவாடு. கூட இரண்டு சிநேகிதர்கள். மூன்று பேருக்கும் பயம். போலீசை நினைத்து அல்ல, தெருவை நினைத்து. வீட்டுக்குத் திரும்பும் வழியில் கொய்யா இலையைப் பறித்து மென்று மென்று துப்பினோம்.

தெருமுனையில் இட்லி சுட்டு விற்ற ஆயா அடுப்பை ஊதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தது. "இன்னாடா, ஆடு மாதிரி கொய்யா எலய மேஞ்சினு வர்றே?" நான் வாயைத் திறக்கவில்லை. "நாலு பேரு பாத்தா உங்கம்மா மூஞ்சிய எங்கடா கொண்டுபோய் வச்சிக்கும்?" அவ்வளவுதான். நைனாவிடம் போட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல மாதம், அந்த அடுப்பைத் தாண்டும்போதெல்லாம் என் தலை தானாகக் குனிந்தது.

நான் பிறந்தபோது மாநிலத்தில் மதுவிலக்கு இருந்தது. 1948-ல் முதல்வராக இருந்த ஓமந்தூரார் சென்னை மாகாணம் முழுவதுக்கும் கொண்டுவந்தது அது. என் ஒன்பதாவது வயதில், 1971-ல், கடை திறந்தார்கள். பன்னிரண்டாவது வயதில் மூடினார்கள். பத்தொன்பதாவது வயதில், 1981-ல், மறுபடியும் திறந்தார்கள். சட்டம் இப்படி மாறி மாறி வந்தாலும் எங்கள் தெருவில் ஒன்று மாறவில்லை. குடித்தவர் ஒதுங்கிப் போனார். நைனா தீப்பெட்டி கம்பெனியில் வேலை பார்த்தவர். குடித்த அன்றைக்கு முன்வாசல் வழியாக வரமாட்டார். துண்டை வாயோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு பின் சந்து வழியாக வருவார். சம்பள நாளில் கம்பெனி கேட்டுக்கு வெளியே பெண்கள் வந்து நிற்பார்கள். அம்மாவும் நிற்பாள். கேட்டைத் தாண்டியதும் நைனா கவரை அப்படியே அம்மா கையில் கொடுத்துவிடுவார். நாலு பேர் எதிரில் கொடுக்காமல் இருக்க முடியாது.

அது பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. கள்ளச்சாராயம் குடித்தும் வார்னிஷ் குடித்தும் செத்தவர்கள் உண்டு. கதவைச் சாத்திய பிறகு உள்ளே அடி வாங்கிய பெண்களுக்கு எந்த மதுவிலக்கும் உதவவில்லை. நான் சொல்ல வருவது அந்த நாலு பேரைப் பற்றி. அன்றைக்கு அவர்கள் ஒரு பதினாறு வயதுப் பையனின் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

இன்றைக்கும் அதே நாலு பேர் இருக்கிறார்கள். கையில் டம்ளரைத் திணிக்கிறார்கள்.

1983-ல் தொடங்கிய டாஸ்மாக் 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. 2023-24-ல் மதுவால் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். 21 வயது ஆகாதவனுக்கு விற்கக் கூடாது என்பது விதி. மீசை அரும்பாத பிள்ளைகள் கடைக்குப் போவதில்லை, உண்மைதான். இருபத்திரண்டு வயது அண்ணன் ஒருவன் போய் வாங்கி வருகிறான். மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிற பையன்களும் கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிற பையன்களும் சாயந்திரம் ஆளுக்கு நூறு ரூபாய் போடுகிறார்கள். காசு போட்டவன் குடித்தாக வேண்டும். குடிக்காதவனிடம் காரணம் கேட்பார்கள்.

இது நம் ஊரில் மட்டும் இல்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருக்கும் என் அக்கா மகன் போன வருஷம் ஊருக்கு வந்தபோது அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொன்னான். ஜூன் கடைசியில் மேல்நிலைப் படிப்பு முடித்த பிள்ளைகள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு லாரியில் ஏறி, வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போவார்களாம். ஒவ்வொரு வாசலிலும் அப்பா அம்மாவே பானத்தோடு காத்திருப்பார்களாம். கடையில் மது வாங்க அங்கே 1998 வரை வயது வரம்பே கிடையாது. அந்த ஆண்டு 15 என்று வைத்து, 2004-ல் 16 ஆக்கினார்கள். 2019-ல் ஐரோப்பா முழுக்க 15, 16 வயது மாணவர்களிடம் எடுத்த கணக்கில், முந்தைய 30 நாளில் போதையேறக் குடித்தவர்கள் சராசரியாக நூற்றுக்கு 13 பேர். டென்மார்க்கில் 40 பேர். 2025 ஏப்ரலில்தான் 18 வயது ஆகாதவர்களுக்கு 6 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவை விற்கக் கூடாது என்று இறுக்கினார்கள்.

இன்னொன்றும் சொன்னான். அங்கே 'யான்டே சட்டம்' என்று ஒரு பேச்சு உண்டாம். 1933-ல் அக்செல் சான்டெமூசே எழுதிய நாவலில் வருவது. நீ மற்றவர்களைவிடப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்ளாதே என்பதுதான் அதன் சாரம். கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. ராயபுரத்தில் அதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்: "இன்னா, பெரிய ஆளாயிட்டியா?"

இந்தக் கேள்விக்குப் பயந்து டம்ளரை வாங்கிய ஒருவனை எனக்குத் தெரியும். என் தங்கச்சி பேரன், பதினேழு வயது. ராயபுரத்தில் ஒரு சாவு. மேளம் அடிக்க, வழியெல்லாம் சாமந்தியும் ரோஜாவும் பிய்த்துப் போட்டுக்கொண்டு, பையன்கள் பாடைக்கு முன்னால் ஆடிக்கொண்டு போனார்கள். கூல்டிரிங்க்ஸ் கலந்த பிளாஸ்டிக் டம்ளர் ஒன்று கைமாறி இவனிடம் வந்தது. நீட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும், இவனுக்குப் பெரியப்பா முறை. இவன் வாங்கினான். உதட்டில் வைத்தான். தொண்டை அசையவில்லை. நாலடி தள்ளிப் போய், ஆடுகிற சாக்கில் குனிந்து, தரையில் கிடந்த பூக்களின் மேல் ஊற்றிவிட்டு வெறும் டம்ளரைத் தூக்கிக் காட்டினான். கூட்டம் விசிலடித்தது.

ராத்திரி அவனிடம் கேட்டேன். "வேணான்னு சொல்லலாமில்லடா?"

"சொன்னா வுடமாட்டானுங்க தாத்தா. மாலை போட்டுக்கினா மட்டுந்தான் கேக்கமாட்டானுங்க. அதான் கார்த்திக எப்ப வரும்னு பாத்துனுக்கிறேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம் தெருவில் விசாரித்துப் பார்த்தேன். நிஜம்தான். ஐயப்பனுக்கு மாலை போட்ட ஒரு மண்டலம் ஒரு பையனை யாரும் வற்புறுத்துவதில்லை. தவக்காலத்தில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் அதே சலுகை. சாமியைக் காரணம் காட்டினால் விடுகிறார்கள். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று அவனே சொன்னால் விடுவதில்லை. ஒரு பிள்ளை குடிக்காமல் இருக்க வருஷத்தில் ஒரு மண்டலம்தான் நாம் இடம் கொடுத்திருக்கிறோம். எனக்கு அது பொறுக்கவில்லை.

கடையை மூட வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு அதன்போக்கில் நடக்கட்டும். 2015-ல் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரையே கொடுத்தார். 2023-ல் அரசு 500 கடைகளை மூடியது. இதற்கு மேலும் மூடினால் நான் சந்தோஷப்படுவேன். ஆனால் அந்தச் சாவு ஊர்வலத்தில் டம்ளரை நீட்டியது எந்தக் கடையும் இல்லை. 1978-ல் என்னை ஒரே வார்த்தையில் திருத்திய அந்த ஆயாவின் இடத்தில் இன்றைக்கு நிற்கவேண்டியவர் அந்தப் பெரியப்பாதான். நானும்தான்.

வருகிற தையில் எங்கள் வீட்டில் கல்யாணம். பந்தலுக்குப் பின்னால் பையன்களுக்குத் தனியாக இடம் ஒதுக்கச் சொல்லி வந்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் விசேஷம் வரும், சாவும் வரும். அங்கே ஒரு பிள்ளை வேண்டாம் என்று சொன்னால், தயவுசெய்து ஏன் என்று கேட்காதீர்கள்.