கையில் தொங்கினால் குற்றம், காதில் தொங்கினால் கடமை

அனுப்புநர்: கண்மாய்க் கரைவாசி ஒருவன், வண்டியூர், மதுரை.
பெறுநர்: மாசு கட்டுப்பாட்டு வாரியத்து உயர்திரு அதிகாரிகள்.
பொருள்: ஒரே துணிக்கு இரண்டு சட்டம் – விளக்கம் கோருதல்.

ஐயா,

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. ஜவுளிக்கடையில் தரும் நான்-ஓவன் பையும் அந்தப் பட்டியலில் உண்டு. துணிபோல வேஷம் கட்டினாலும் அது பாலிபுரோப்பிலீன் என்று சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பாராட்டுகள்.

அடுத்த வருஷமே கொரோனா வந்தது. அதே பாலிபுரோப்பிலீன் மூன்று அடுக்காகி, மூக்குக்கு ஒரு கம்பியும் காதுக்கு இரண்டு எலாஸ்டிக்கும் பூண்டு, எங்கள் முகத்தில் ஏறியது. முகத்தை மூடாமல் தெருவில் இறங்கினால் அப்போது 200 ரூபாய் அபராதம். துவைத்துக் கட்டலாம் என்று ரேஷன் கடையில் ஆளுக்கு 2 துணி மாஸ்க் தரும் திட்டமும் வந்தது. ஊரோ நீல மாஸ்க்கைத்தான் கட்டிக்கொண்டது. துவைக்க வேண்டாமே! அது உயிர் காத்ததை நான் மறுக்கவில்லை. காத்து முடித்தபின் அதற்கு என்ன கதி என்பதே என் கேள்வி.

2020-லும் 2021-லும் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரே வண்டியூருக்கு எழுந்தருளவில்லை. மாஸ்க் மட்டும் தவறாமல் எங்கள் கண்மாயில் எழுந்தருளியது. வெயிலிலும் தண்ணீரிலும் கிடந்தால் அது மக்காது, கண்ணுக்குத் தெரியாத இழைகளாக உதிரும். தெப்பக்குளம் வெட்டியபோது முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்பார்கள். நாளை எங்கள் கண்மாயைத் தூர்வாருகிறவர்களுக்கு என்ன கிடைக்குமோ, அதற்கும் ஒரு கோயில் கட்ட இப்போதே இடம் ஒதுக்கிவிடுங்கள்.

வழிகாட்டல் இல்லை என்று சொல்ல மாட்டேன். மத்திய வாரியம் 2020-லேயே சொன்னது: வீட்டில் கழற்றிய மாஸ்க்கைப் பேப்பர் கவரில் 72 மணி நேரம் வைத்திருந்து, வெட்டி, பொதுக் குப்பையில் போடவும். ஆஸ்பத்திரியில் கழற்றினால் மருத்துவக் கழிவு. வீட்டில் கழற்றினால், மூன்று நாள் தீட்டுக் கழித்து, சாதாரணக் குப்பை. வெட்டுவதால் மறுபடி யாரும் எடுத்து மாட்ட மாட்டார்கள் என்பது சரி. ஒரு குப்பை நான்கு குப்பை ஆவதும் சரிதானே?

(மாஸ்க் வடிவில் பரோட்டா போட்ட ஊர் இது, 2020 ஜூலையில். மிச்சம் வைக்காத ஒரே மாஸ்க் அதுதான், சால்னாவோடு போய்விட்டது.)

தீர்வுக்கு டெல்லி போக வேண்டியதில்லை, திருப்பரங்குன்றம் வரை போனால் போதும். தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடேற்றிய ஜல்லிமேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவி உருகவிட்டு, அதன்மேல் தார் கலந்து, 2002-லேயே கல்லூரி வளாகத்தில் சாலை போட்டார். அவர் முறையில் பாலிபுரோப்பிலீனும் உருகும். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2021-ல் மெல்போர்னின் ஆர்எம்ஐடி ஆய்வாளர்கள், மாஸ்க்கைத் துண்டாக்கிக் கட்டட இடிபாட்டோடு சேர்த்தால் 1 கிலோமீட்டர் இருவழிச் சாலைக்குச் சுமார் 30 லட்சம் மாஸ்க் செலவாகும் என்று கணக்குப் போட்டார்கள். ஆஸ்திரேலியாக்காரர் சொன்ன பிறகாவது நம்பலாம் அல்லவா?

ஆகவே, மருந்துக்கடை வாசலில் மாஸ்க்குக்கென்று தனித் தொட்டி வைத்து, சேர்ந்ததைக் கிருமி நீக்கி, சாலைக்கு அனுப்ப ஆணையிடுங்கள். முடியாதென்றால், நான்-ஓவன் பைக்கு இரண்டு எலாஸ்டிக் தைத்துக்கொண்டு சந்தைக்குப் போக எனக்கு அனுமதியாவது தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கரைவாசி.

இணைப்பு: மாஸ்க் 1, விதிப்படி பேப்பர் கவரில். இன்னும் 72 மணி நேரம் ஆகவில்லை. தயவுசெய்து பிரிக்க வேண்டாம்.