உடைக்க வேண்டியது தேங்காய், தலை அல்ல

கேள்வி: பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 எஞ்ஜினைப் பிரிக்கிறேன். கிளட்ச் கவர் ஸ்க்ரூ அசைய மறுக்கிறது, தலையும் வழுக்க ஆரம்பித்துவிட்டது. என்ன செய்ய?
– வாசகர், கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்

பதில்: அந்த ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை முதலில் கீழே வையுங்கள். பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைக்கலாம், ஸ்க்ரூவின் தலையை உடைக்கக் கூடாது! 1985 முதல் 1996 வரை வந்த அந்த வண்டி ஜப்பானிய வடிவமைப்பு. ஸ்க்ரூக்களும் ஜேஐஎஸ் வகை. சாதாரண ஸ்டார் முனை அதில் முழுசாக உட்காராது. திருப்பத் திருப்ப மேலேறி வந்து பள்ளத்தைத் தின்றுவிடும்.

ஸ்க்ரூ இரும்பு, அது இறங்கியிருக்கும் கிராங்க் கேஸ் அலுமினியம். ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். அந்த வெள்ளைப் பொடி மரைக்குள் அடைத்து இறுக்கிவிடும். சங்குமுகம் கடல் பக்கத்தில். மழையோ வருஷத்துக்கு இரண்டு பருவம். கேட்கவா வேண்டும்?

ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். காலையில் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, ஸ்க்ரூவைச் சுற்றி ஹாட் ஏர் கன் காட்டுங்கள். தண்ணீர்ச் சொட்டு சுர்ரென்று ஆவியாகும் சூடு போதும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும், பிடி தளரும்.

அடுத்து இம்பேக்ட் டிரைவர். சாலைக் கடைத்தெருவில் விசாரியுங்கள். திருப்பும் திசையைச் சரிபார்த்து, நேராகப் பிடித்து, சுத்தியலால் நறுக்கென்று ஒரு அடி. அடியே முனையை உள்ளே அழுத்தித் திருப்பும்.

தலை போய்விட்டாலும் கலங்காதீர்கள். தலையை மட்டும் டிரில் போட்டு எடுத்தால் கவர் கையோடு வரும். இழுவை போன தண்டு, பூட்டுப் பிளையருக்குப் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு வந்துவிடும். திரும்ப மாட்டும்போது ஆலன் போல்ட்டு போடுங்கள், மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி.