சி.பி.யு. கூடியும் வேகம் கூடவில்லையே?

கேள்வி: ஒரே இயந்திரத்தில் நாலைந்து விர்ச்சுவல் சர்வர் வைத்த பிறகு எங்கள் கணக்கு மென்பொருள் படுத்துவிட்டது. எட்டு சி.பி.யு. ஒதுக்கியும் பயனில்லை. என்ன செய்ய?
– ஜவுளி வியாபாரி, நேரு வீதி, புதுச்சேரி

பதில்: எட்டு கொடுத்ததே வினையாக இருக்கலாம்! எட்டுப் பேரும் முடிந்தவரை சேர்ந்தே உட்காருவோம் என்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் நிற்கும் குடும்பம் போல, உங்கள் சர்வர் நிஜ கோர்கள் ஓய்வதற்காகக் காத்து நிற்கும். விஎம்வேர் என்றால் இந்தக் காத்திருப்பைக் காட்டும் ‘சி.பி.யு. ரெடி’ அளவைப் பாருங்கள். ஒரு சி.பி.யு.வுக்கு 5 சதவீதத்தைத் தாண்டினால் நெரிசல்தான். எட்டை நான்காக்கிப் பாருங்கள்.

ஆனாலும் என் முதல் சந்தேகம் டிஸ்க்கின் மேல். ஒரு பில்லுக்கு நூறு முறை படித்து எழுதும் மென்பொருளுக்கு, தடவைக்கு 20 மில்லிசெகண்ட் ஆனால் 2 நொடி போச்சு. யாரோ எடுத்து மறந்த ஸ்னாப்ஷாட் டிஸ்க்கை மந்தமாக்கிக்கொண்டு கிடக்கிறதா? 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது. அது பேக்கப்பும் ஆகாது. ஆன்டிவைரஸ் கணக்குக் கோப்புகளைத் துழாவுகிறதா என்றும் பாருங்கள்.

மாற்றம் செய்யும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 கெடு 11-ம் தேதி. அதற்கு முந்தைய இரவில் சர்வரில் கை வைக்காதீர்கள். கெடு முடிந்த பிறகு பேக்கப் எடுத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்து, அளந்து பாருங்கள்.