ஐம்பது ஹெர்ட்ஸ் சுருதி

போர்வையைச் சுவரில் தொங்கவிட்டு, மைக்கை லப்டொப்பில் செருகிவிட்டால் வெள்ளவத்தையில் ஸ்டூடியோ தயார். ஒருபக்கம் காலி வீதி பஸ்களின் ஹோர்ன், மறுபக்கம் கடலோர ரயில். இரண்டுக்கும் நடுவே பாண் விற்கும் ஓட்டோ, பீத்தோவனை முழக்கிக்கொண்டு வரும். 1810இல் அந்த மனிதர் யாரோ எலீசாவுக்காக எழுதிய மெட்டு, இங்கே மீன் பணிஸுக்கு அறிவிப்பு.

இவை வரும், போகும். போகாதது அடியில் கிடக்கும் அந்த ‘ம்ம்ம்’தான். நம் மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். கூடவே அதன் இரட்டிப்பான 100. பாடுபவரின் கட்டையோடு சேர்ந்துவிட்டால் தம்புராக்காரருக்குக் கொடுக்கும் காசு மிச்சம். சேராதே!

உடனே மைக்கைத் திட்டிவிட்டு, விலைகூடிய இன்னொன்றை வாங்குவது நம்மவர் வைத்தியம். புதியது அதே இரைச்சலை இன்னும் துல்லியமாகப் பிடித்துத் தரும். அதற்குமுன் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் பதிந்து பாருங்கள். ‘ம்ம்ம்’ நின்றால் கோளாறு சார்ஜரில், அல்லது எர்த்தில். லப்டொப் ஒரு சுவரிலும் ஸ்பீக்கர் எதிர்ச்சுவரிலும் எர்த் எடுத்தால், இடையிலுள்ள வயர் வளையமாகி இரைச்சலை இழுக்கும். எல்லாவற்றையும் ஒரே மல்டிபிளக்கில் செருகினாலே பல வீடுகளில் வழக்குத் தீர்ந்துவிடும்.

“எர்த் பின்னை வெட்டிவிடு, தம்பி” என்று சொல்லும் நிபுணர் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒருவர் இருக்கிறார். இரைச்சல் நிற்கலாம். ஆனால் சுவரிலிருந்து வருவது 230 வோல்ட், தயவுசெய்து வெட்டாதீர்கள்.