க்யூபிட் வளர்ப்போர் கவனத்துக்கு: திருவனந்தபுரம் பதிப்பு

முதலில் வீடு பார்க்க வேண்டும். தம்பானூர் பக்கம் வேண்டவே வேண்டாம். அதிர்வு, வெப்பம், செல்போன் அலை, வானத்திலிருந்து விழும் காஸ்மிக் துகள் எதுவுமே குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான க்யூபிட்டுக்கு ஆகாது. பொன்முடி அடிவாரத்து விதுரா தேவலாம்; ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனம்கூட அங்கேதான் இருக்கிறது. அதற்காக மலைக்காற்றை நம்பிவிடாதீர்கள். மீக்கடத்தி க்யூபிட் கேட்கும் குளிர் சுமார் 0.02 கெல்வின், நம்மூர் மத்தியானம் 300-ஐத் தாண்டும். ஏசி போட்டால் போதாதா என்பவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து, நோய். 0, 1 இரண்டும் கலந்த நிலையில் இருக்கும் க்யூபிட் எந்தப் பக்கம் என்று சுற்றியுள்ள ஒரு ஃபோட்டானுக்குத் தெரிந்தாலே கலவை குலைந்துவிடும். பெயர் டிகோஹிரன்ஸ். அது நடக்கும் விதத்துக்கு 1976-இல் கொரினி, கொஸகோவ்ஸ்கி இருவரோடு சமன்பாடு எழுதியவர் கோட்டயத்துக்காரர் ஈ.சி.ஜி. சுதர்சன். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்ததால் பாதி நம்மவர்.

மருந்தும் அவரிடமே கிடைக்கும். 1977-இல் பைத்யநாத் மிஸ்ராவுடன் அவர் எழுதியது: விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் நிலை மாறாது. குவாண்டம் ஸீனோ விளைவு என்பார்கள். தொடக்கத்தில் மாறும் வாய்ப்பு நேரத்தின் வர்க்கமாகத்தான் வளர்கிறது. நேரத்தைப் பத்தாக வெட்டிப் பார்த்தால் ஒரு துண்டுக்கு நூறில் ஒரு பங்கு. பத்தும் சேர்ந்தாலும் பத்தில் ஒன்றுதான். 1990-இல் கொலராடோவின் போல்டரில் பெரிலியம் அயனிகளை லேசரால் 64 தடவை வரை எட்டிப் பார்த்து, மாறவிடாமல் தடுத்தார்கள். ஆற்றுகால் கோயில் பொங்காலையில் லட்சக்கணக்கான பெண்கள் கண்கொட்டாமல் பார்த்தும் பானை பொங்கிவிடுகிறது. அயனிக்கு அந்தத் தைரியம் கிடையாது.

ஆனால் "நீ 0-வா, 1-ஆ?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அப்புறம் நோயே நீங்கள்தான். "பக்கத்து க்யூபிட்டோடு ஒத்துப்போகிறாயா?" என்ற அளவில் நிறுத்துங்கள்.

பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: 1976-இன் சமன்பாட்டில் சுற்றுப்புறத்துக்கு ஞாபகசக்தியே இல்லை. அங்கே சிதைவு முதல் கணத்திலிருந்தே நேர்விகிதத்தில் ஏறும். பத்தாக வெட்டினாலும் ஆயிரமாக வெட்டினாலும் கூட்டுத்தொகை அதேதான். நிஜச் சுற்றுப்புறத்துக்கோ கொஞ்சம் ஞாபகம் உண்டு; ஆகவே அது மறப்பதற்குள் பார்த்தாக வேண்டும். தாமதித்தால் 1976-இன் சுதர்சனிடம் 1977-இன் சுதர்சன் தோற்றுப்போவார்.

அவ்வளவு வேகம் கைவராதவர்கள், 1995-இல் பீட்டர் ஷோர் காட்டிய வழியில் ஒரு க்யூபிட்டின் தகவலை ஒன்பதில் பரப்பி வைக்கலாம். ஒன்பதுக்கும் அதே 0.02 கெல்வின்தான். கரண்ட் பில் யார் பெயரில் வரும் என்பதை மட்டும் வீட்டுக்காரரிடம் முன்பே பேசிக்கொள்ளவும்.