முட்டை போட்டுக் கட்டுன பாலம்

தாயி, தாத்தா பேசுறேன். இந்த வாட்ஸப்புல விரலை எடுத்தா பேச்சு அறுந்து போயிருதுன்னு, உன் தம்பி என் கட்டைவிரலைப் பிடிச்சு அமுக்கிக்கிட்டு பக்கத்துலயே உக்காந்திருக்கான். அவனுக்குப் பேசுன கூலி ரெண்டு பரோட்டா. சால்னா தனி.

ட்ரெஸ்டன் ஊருக்கு மூணு மாசம் இன்டர்ன்ஷிப்புன்னு போனவ, வர்ற சனி ஞாயிறு கூட்டாளிகளோட ப்ராக் போறியாம்ல. உங்க அப்பன், "படிக்கப் போன எடத்துல ஊர் சுத்தக் கேக்குதோ"ன்னு ஒரே குதி. "ஏண்டா, ரெண்டரை மணி நேர ரயிலு. நம்ம விருதுநகர்ல ஏறித் திருநவேலியில எறங்கி அல்வா வாங்குற நேரம்"னேன். அதுக்கு அவன், "அல்வா வாங்கப் பாஸ்போர்ட் கேப்பானா"ங்கிறான். பய படிச்சவன். பதில் வச்சிருக்கான். நான் வேட்டியை ஒதறிக்கிட்டு வந்துட்டேன்.

சரி, புத்திமதிக்கு வர்றேன். பெரியவுக சொல்றதை அப்பிடியே கேட்டு நடக்கணும், என்ன?

ரயில்ல ஏறுனதும் சன்னல் பக்கம் தலையைத் திருப்பிறாத. போறப்ப எடது கைப்பக்கம் எல்ப ஆறு கூடவே வரும், கரை நெடுக மணற்கல் பாறை கோட்டைச் சுவரு மாதிரி நிக்கும்னு உன் தம்பி வாசிச்சுச் சொன்னான். நமக்கெதுக்கு அது? நீ குனிஞ்சு போனைப் பாரு. அதுல அதே ஆத்தைப் பளபளன்னு எவனாவது போட்டிருப்பான். நேரா பாத்தா கண்ணு கூசும், தாயி.

எறங்குனதும் காசு மாத்தணும். அந்த நாட்டுக் காசு யூரோ இல்லையாம், கொருனா. ஒரு யூரோவுக்கு ஏறக்கொறைய 25 வரும். சுத்திப் பாக்க வர்றவுக நடக்குற தெருவுல "கமிஷன் கிடையாது"ன்னு போர்டு மாட்டி ஒருத்தன் உக்காந்திருப்பான். தரகு வாங்காத தரகனை இந்த எழுபத்தெட்டு வயசுல நான் பாத்ததில்ல. நீயாவது பாத்துட்டு வா. விலை கேக்காம நோட்டை நீட்டு, அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்ல. ஏமாந்தது தெரிஞ்சா மூணு மணி நேரத்துக்குள்ள ரசீதைக் காட்டித் திருப்பி வாங்கிக்கிறலாம்னு 2019-ல சட்டம் போட்டிருக்கானுகளாம். அந்த மூணு மணி நேரமும் நீ செல்ஃபி எடுத்துக்கிட்டுத் திரி.

டிராமுக்கு டிக்கெட் வாங்குனா, மஞ்சப் பொட்டியில சொருகி முத்திரை குத்தணுமாம். குத்தாத டிக்கெட்டு கையில இருந்தும் இல்லாத மாதிரிதான், பரிசோதகன் அபராதம் தீட்டிருவான். தாலுகாபீசுல சீல் வைக்காத மனுவைத் தூக்கிக்கிட்டு நான் நாலு தடவை நடந்தேனே, அந்தக் கதைதான். சீலுக்கு இருக்கிற மருவாதி சீமையிலயும் மாறல.

பாஷையிலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. அங்க "ஆனோ"ன்னா ஆமாவாம். பேச்சு வேகத்துல அதைச் சுருக்கி "நோ"ங்கிறாகளாம். சாப்பாட்டுக் கடையில "இன்னும் ரெண்டு வைக்கவா"ன்னு கேப்பான். நீ பதவிசா "நோ"ம்ப. அவன் வச்சுருவான். அப்புறம் அஞ்சு பேரும் பில்லைச் சுத்தி நின்னு, போன்ல ஆளுக்கு எவ்வளவுன்னு கணக்குப் போடுவீக. ஒருத்தி "நான் சூப்புதான் குடிச்சேன்"பா. இன்னொருத்தன் "தண்ணிக்கு ஏன் பீரைவிடக் கூட வாங்குறான்"னு கடைக்காரனோட மல்லுக்கு நிப்பான். ரெண்டு நாள் டூருல இதுக்கே அரை நாள் ஒதுக்கி வச்சுக்க.

சிரிக்காத. எனக்கும் இந்த அனுபவம் உண்டு. 1972-ல மெட்ராசுக்குக் கட்டட வேலைக்குப் போனப்ப, ஒரு ஞாயித்துக்கெழமை கொத்தனாருக அஞ்சு பேரு ஊர் பாக்கக் கெளம்புனோம். வெள்ளன எந்திரிச்சு உயிர் காலேஜுங்கிற மிருகக்காட்சி சாலை, செத்த காலேஜுங்கிற மியூசியம், மூர் மார்க்கெட்டு, எல்.ஐ.சி. கட்டடம்னு ஒரே ஓட்டம். எல்.ஐ.சி.யை அண்ணாந்து பதினாலு மாடியும் எண்ணுனோம். எண்ணி முடிச்சதும் மணிவேலு பதிமூணுதாங்கிறான். மறுபடி எண்ணுனோம். சாயங்காலம் கடக்கரையில சோடாவுக்கு எட்டணா கொறைஞ்சு போச்சு. அதுல வந்த சண்டையில நானும் மணிவேலும் பதினஞ்சு நாளு பேசல, ஒரே சாரத்துல நின்னுக்கிட்டு. இன்னைக்கு வரைக்கும் அந்த மியூசியத்துக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. எட்டணாவை மட்டும் பைசாச் சுத்தமாச் சொல்லுவேன்.

அதனால நீயும் ரெண்டு நாள்ல இருவது எடம் பாத்துரணும். ஒண்ணுகூட விடாத. ப்ராக் ஊர்ச் சதுக்கத்துல 1410-ல செஞ்ச கெடிகாரம் ஒண்ணு இருக்காம். மணிக்கொரு தடவை எலும்புக்கூடு கயித்தை இழுக்கும், சன்னல்ல சீடருக வரிசையா வந்து போவாக, கடைசியில சேவல் ஒண்ணு கத்தும். இம்புட்டும் ஒரு நிமிசத்துக்குள்ள முடிஞ்சு போகுமாம். அதுக்குக் கூட்டம் கால் மணி நேரம் முன்னாடியே போனை ஒசத்திக்கிட்டு நிக்குதாம். எல்லாப் பயலுகளும் அண்ணாந்து நிக்கிற எடம் பிட்பாக்கெட்டுக்காரனுக்குப் பொன் வெளையிற பூமி. இன்னொரு ஊருக்கு இப்பிடி ஒண்ணு செஞ்சுறக் கூடாதுன்னு, செஞ்சவன் கண்ணை ஊர்ப் பெரிசுக குருடாக்கிட்டாகன்னு ஒரு கதை சொல்லுவாகளாம். அது கட்டுக்கதைதான், செஞ்ச ஆளே வேறன்னும் உன் தம்பி வாசிச்சான். எங்க மேஸ்திரி நல்லவரு. கூலியைத்தான் பிடிச்சாரு.

கோட்டைக்குப் போவீகல்ல? அங்க ஒரு சன்னல் இருக்கு. 1618, மே 23-ஆம் தேதி. மதச் சண்டையில கோவமா ஏறிப் போன கூட்டம், ராசாவோட ரெண்டு பெரிய அதிகாரிகளையும் ஒரு எழுத்தனையும் அந்தச் சன்னல் வழியாத் தூக்கி வெளியே எறிஞ்சுருச்சு. எழுபதடி ஒசரமாம். மூணு பேரும் பொழைச்சுக்கிட்டாக. ஒரு கட்சிக்காரன், மாதா கை குடுத்துத் தாங்குனான்னான். எதுத்த கட்சிக்காரன், கீழ எருக்குமி கெடந்துச்சு, அதுல விழுந்தான்னான். அதுல மூண்ட சண்டை முப்பது வருசம் ஓஞ்ச பாடில்ல. அந்த எழுத்தனுக்குப் பின்னால ஒரு பட்டமும் குடுத்தாகளாம். பட்டத்துக்கு அர்த்தம் என்ன தெரியுமா? ஒசக்க இருந்து விழுந்தவரு!

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. நான் சாரத்துல இருந்து தவறி மணக்குமியில விழுந்து பொழைச்சேன்ல, அப்ப உங்க அப்பத்தா, "முத்தாலம்மன்தான் காப்பாத்துனா"ன்னு பொங்க வச்சா. முதநாள் மணலைக் கொண்டாந்து கொட்டுன வண்டிக்காரன் வந்து, "மதினி, எனக்குப் பாதிப் பொங்க வேணும்"னு நின்னான். நல்லவேளை, ஒரு சட்டி பொங்கலோட முடிஞ்சது. முப்பது வருசம் இழுக்கல.

இதுவரைக்கும் விளையாட்டு. இப்பச் சொல்லப்போறது சோலி. காதைக் குடு.

அங்க ஒரு கல்லுப் பாலம் இருக்கு, சார்லஸ் பாலம்னு. பாலத்தைப் பத்தி வாசிச்சப்பத்தான் நான் படுத்திருந்தவன் எந்திரிச்சு உக்காந்தேன். அதுக்கு முந்தி அங்கன நின்ன பாலம் 1342 வெள்ளத்துல போயிருச்சு. இதுக்கு 1357-ல கல்லு போட்டாக. சோசியம் பாத்துத்தான் போட்டாகளாம். ஒம்பதாந்தேதி, ஏழாம் மாசம், காலையில அஞ்சு முப்பத்தொண்ணுன்னு சொல்லுவாக. வருசத்துல தொடங்கி வரிசையா எழுதிப் பாரு: ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு, ஒம்பது, ஏழு, அஞ்சு, மூணு, ஒண்ணு. ஏறி எறங்குது. நம்ம ஊருல மனை போட வர்ற சோசியன் ஒருத்தனுக்கும் இம்புட்டு மூளை ஓடுனதில்ல. நீளம் 516 மீட்டரு, பதினாறு ஆர்ச்சு. 1890-ல வந்த வெள்ளத்துல மூணு ஆர்ச்சு விழுந்துச்சு, திரும்பக் கட்டிட்டாக. மத்தது நிக்குது.

சாந்துல முட்டை சேத்தாகன்னு அங்க ஒரு பேச்சு இருக்கு. ராசா ஊரூருக்கும் ஆளு விட்டு, வண்டி வண்டியா முட்டை அனுப்பச் சொன்னாராம். வெல்வாரின்னு ஒரு ஊருக்காரன், வழியில ஒடைஞ்சு போனா ராசா வைவாரேன்னு, அம்புட்டையும் வேகவச்சு அனுப்பிட்டானாம்! தாயி, அந்த ஊருக்காரன் நம்ம சாதிசனமாத்தான் இருக்கணும். கொண்டு போய்ச் சேக்குறதுல அவனுக்கு இருந்த அக்கறையைப் பாரு.

மத்தவன் இதைக் கட்டுக்கதைம்பான். என்னால அப்பிடித் தள்ள முடியல. காரைக்குடிப் பக்கம் செட்டியாரு வீட்டுச் சுவருக்குப் பூச்சுப் பூசுனப்ப, சுண்ணாம்போட வெள்ளைக்கருவை அடிச்சுக் கலக்குனது இந்தக் கைதான். கடுக்காயையும் கருப்பட்டியையும் ஊறப்போட்ட தண்ணியில சுண்ணாம்பைக் கொழைச்சிருக்கேன். சுவரு கண்ணாடி கணக்கா இருக்கும், தொட்டா சில்லுன்னு இருக்கும். ஆனா அது வீட்டுச் சுவரு, மழையைத்தான் தாங்கணும். ஆத்துக்குள்ள நிக்கிற தூணுக்கு அந்தச் சாந்து எப்பிடிப் பிடிச்சதுங்கிறதுதான் எனக்கு ரெண்டு ராத்திரியா ஓடிக்கிட்டே கெடக்கு.

அந்தப் பாலத்து மேல முப்பது சிலை இருக்கு. நெப்போமுக் சாமியாருன்னு ஒருத்தரை 1393-ல ஆத்துல தள்ளிட்டாக. அவரு சிலைக்குக் கீழ உள்ள வெண்கலத் தகட்டைத் தொட்டா நல்லது நடக்கும்னு தேச்சுத் தேச்சே பளபளன்னு ஆக்கிட்டாகளாம். தொடு, தப்பில்ல. பரீச்சைக்கு ஆகும். ஆனா பாலத்துல இருந்து கம்பாங்கிற தீவுக்கு ஒரு படி எறங்குது. கூட்டாளிகளை ஐஸ்கிரீம் தின்னச் சொல்லிட்டு நீ மட்டும் எறங்கு. ஆர்ச்சுக்கு அடியில நில்லு. அண்ணாந்து கல்லைப் பாரு.

கீழ ஓடுற தண்ணி வல்தாவா ஆறு. அது வடக்க போயி எல்பயில சேந்து நீ இருக்குற ட்ரெஸ்டனுக்குத்தான் வருது. ஞாயித்துக்கெழமை ராத்திரி நீ திரும்பிருவ, அந்தத் தண்ணி உனக்குப் பின்னாடி மெதுவா வந்து சேரும். ட்ரெஸ்டன்ல ஞாயித்துக்கெழமை கடையெல்லாம் அடைச்சுக் கெடக்கும்ங்கிறாக, வெள்ளிக்கெழமையே ரொட்டியும் பாலும் வாங்கி வச்சுட்டுக் கெளம்பு. எல்லையில போலீஸ்காரன் ரயில்ல ஏறிக் காயிதம் கேட்டாலும் கேப்பான். பாஸ்போர்ட்டும் தங்குற கார்டும் இடுப்புப் பையில இருக்கட்டும். இந்த ரெண்டும் உங்க அப்பன் சொல்லச் சொன்னது.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. ஆர்ச்சுக்கு அடியில நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. உன் மூஞ்சி வேணாம், அது எங்ககிட்ட நெறைய இருக்கு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சாந்து எம்புட்டு கனம்னு எனக்குத் தெரியணும். பக்கத்துல உன் சுண்டு விரலை வச்சு எடு, அளவுக்கு. வெளிச்சம் இருக்கையிலயே எடு.

தம்பி கைய இழுக்குறான். பரோட்டாக் கடையை அடைச்சிருவானாம். வைக்கிறேன்.