கோழி நிழலியல்: கொங்கு வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக்களமும் எல்லையும்

பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் இடையே உள்ள ஒரு தோட்டத்துச் சாளை வீட்டின் வாசலே இவ்வாய்வின் களம். கிழக்கே மாட்டுக் கட்டுத்தரை, மேற்கே கிளுவை வேலி, வடக்கே அப்பத்தாவின் கயிற்றுக் கட்டில் ஆகியன எல்லைகள். பதினொரு பெட்டைகளும் ஒரு சேவலும் ஆய்வுக்கு உட்பட்டவை. பண்ணைக் கறிக்கோழி ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கிறது. வெயில் உள்ளே விழாதபடி கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டிய கொட்டகையில், நாற்பது நாள் சொச்சத்தில் வாழ்ந்து முடிக்கும் அப்பறவை மர நிழல் என்ற ஒன்றையே கண்டதில்லை. ஆகவே அதனிடம் கருத்துக் கேட்க இயலவில்லை.

ஆய்வுச் சிக்கல்

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் இயல்பான உடல் வெப்பமே சுமார் 41 டிகிரி செல்சியஸ். நமக்கு அந்த அளவு ஏறினால் வீட்டார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சித்திரை வெயிலில் இறக்கையை உடம்பை விட்டு அகற்றி, அலகைத் திறந்து, தொண்டை துடிக்க இரைப்பதுதான் கோழியிடம் உள்ள விசிறி. இரைக்க இரைக்க இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறும். அதனால் ஓட்டுக்குச் சேர வேண்டிய சுண்ணாம்பு குறைந்து முட்டை ஓடு மெலியும். வாசலில் என்ன மரம் நிற்கிறது என்பது, ஆக, தோசைக்கல் வரைக்கும் வந்து நிற்கிற கேள்வி.

முன்னோடி ஆய்வுகள்

மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி மரத்தை அறியும். 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி கோழியை அறியும். இரண்டுக்கும் நடுவே ஈரோடு மாவட்டம் படுத்துக் கிடக்கிறது. மரத்தடியில் நிற்கும் கோழி எந்த நிறுவனத்தின் ஆளுகைக்கு உட்பட்டது என்ற எல்லைத் தகராறைத் தீர்க்க ஆளில்லாத நிலையில், இவ்வாய்வாளர் தாமாகவே முன்வந்தார்.

கூட்டம் விசாரித்தல்

கொங்கில் எந்தப் பேச்சும் கூட்டம், அதாவது குலம், விசாரித்தே தொடங்கும். நம் நாட்டுக்கோழி, தென்கிழக்காசியச் சிவப்புக் காட்டுக்கோழியின் கூட்டம். மஞ்சள் தோல் மட்டும், ஆனைகட்டிப் பக்கம் மலையோரங்களில் திரியும் சாம்பல் காட்டுக்கோழி வழியாக வந்த சீதனம் என்று 2008இல் மரபணு ஆய்வாளர்கள் கண்டார்கள். இரு வீட்டாருமே மூங்கில் புதரிலும் முட்காட்டிலும் ஒண்டி வாழ்பவர்கள். இந்தக் குறிப்பை அப்போதே அடிக்கோடிட்டிருந்தால் இக்கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

மர வகைப்பாடு

முருங்கை: இலை நல்ல தீவனம், நிழல் சல்லடை. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று புகுந்தால் கொப்பு முறிந்து, நிழல் தானே தரைக்கு இறங்கிவிடும்.

தென்னை: நிழல் ஊர்ந்துகொண்டே இருக்கும், கோழியும் பின்னாலேயே போக வேண்டும். நெற்று விழும் நேரம் முன்கூட்டி அறிவிக்கப்படுவதில்லை.

புளி: அடர்ந்த நிழல். பேய் குடியிருப்பதாக ஊர்ப் பேச்சு. கோழிகளுக்கு இதில் நம்பிக்கை இருப்பதாகத் தெரியவில்லை. பொழுது சாய்ந்ததும் அடைவதற்கு அவை முதலில் ஏறுவது அதில்தான்.

சூபாபுல், ஆமணக்கு, அரளி: முதலாவதன் இலையில் மைமோசின், இரண்டாவதன் கொட்டையில் ரிசின், மூன்றாவதில் வேர் முதல் பூ வரை நஞ்சு. மூன்றும் வாசற்படியிலேயே திருப்பி அனுப்பப்பட்டன.

புங்கன்: மாசி, பங்குனி வாக்கில் இலை உதிர்த்து, உச்சி வெயில் காலம் வருமுன் புதுத் தளிரால் மூடிக்கொள்ளும். கோடைக்கு முன்பே கூரை மாற்றும் இந்தப் பொறுப்புணர்ச்சிக்காக முதல் மதிப்பெண் வழங்கப்பட்டு, கன்று ஒன்று நடப்பட்டது.

களச் சோதனை

நட்டுத் தண்ணீர் விட்ட கால் மணி நேரத்தில், ஈரமண் கண்ட பதினொரு பெட்டைகளும் கூடி வேரோடு சீய்த்துப் போட்டன. திரும்ப நட்டபோது அப்பத்தா ஒன்றும் பேசாமல் கோழிக் கொடாப்பை எடுத்துவந்து கன்றின் மேல் கவிழ்த்து, அதன் தலையில் ஒரு கல்லையும் வைத்தார். கோழியைப் பாதுகாக்க மரம். கோழியிடமிருந்து மரத்தைப் பாதுகாக்கக் கோழிக்கூண்டு. ஆய்வுலகில் இதைச் சுழற்சித் தர்க்கம் என்பார்கள்.

அதன்பின் மூன்று நாள் உச்சி வேளையில் கோழிகள் எங்கே இருக்கின்றன என்று குறித்துவைக்கப்பட்டது. முதல் மதிப்பெண் வாங்கத்தக்க நிழலெல்லாம் காலியாகக் கிடக்க, அத்தனையும் கிளுவை வேலியின் அடியில் மண் குளித்துக்கொண்டிருந்தன. கோடையில் கிளுவை இலையுதிர்த்து வெறும் முள்ளாக நிற்கும். மேலே கோவைக்கொடியும் பிரண்டையும் படர்ந்திருப்பதுதான் மிச்சம். நிழலோ அரைகுறை. இந்தத் தேர்வு அறிவுக்குப் பொருந்தவில்லை என்று அப்பத்தாவிடம் முறையிடப்பட்டது.

“ஏங்கண்ணு, இத்தன எழுதுனயே, வானத்தப் பாத்தயா? கோழிக்கு வெய்யலு ஒரு நேரத்துக்குத்தான். பருந்து எந்நேரமும்.”

அன்றே சேவல் ஒரு குரல் கொடுத்தது. வானத்து எதிரிக்கு ஒன்று, தரையில் வரும் எதிரிக்கு வேறொன்று என்று கோழிகளின் எச்சரிக்கைக் குரல் இருவகை. இது முதல் வகை. வாசலில் நின்ற ஒன்றிரண்டும் கண்மூடித் திறப்பதற்குள் முள்ளுக்குள் மறைந்தன. வல்லூறு ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போயிற்று.

ஆய்வு முடிவுகள்

1. கோழிக்கு வேண்டியது மாடி வைத்த நிழல். மேலே மரம் வெயிலுக்கு. கீழே புதர் பருந்துக்கு. கீழ்த்தளம் இல்லாத மரம் கோழிக்குக் குடையே தவிர வீடு அல்ல.

2. வேலியின் நடுவே நிற்கும் வேம்பு இரண்டும் யாரும் நட்டவை அல்ல. பழத்தைத் தின்ற காக்கை, கிளுவையில் உட்கார்ந்து போட்ட கொட்டையில் முளைத்தவை; முள் காத்ததால் ஆட்டுக்கும் கோழிக்கும் தப்பி வளர்ந்தவை. குஞ்சைத் தூக்கும் அதே காக்கைதான் கோழிக்கு நிழலும் நட்டிருக்கிறது. இக்கண்டுபிடிப்பைக் கேட்ட அப்பத்தா, காக்கையை விரட்டும் கம்பைக் கீழே வைக்கவில்லை.

3. காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளில் கிளுவை வேலி போட்டு உள்ளே வெள்வேல் மரம் விட்டவர்கள், கோழியை மனதில் வைத்து அதைச் செய்யவில்லை. இருந்தும் கோழிக்கு அதைவிடப் பொருத்தமான திட்டத்தை இவ்வாய்வாளரால் வகுக்க முடியவில்லை.

மேலாய்வுக்கு உரியவை

வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டினால் முக்கால் முழ நிலம் மிச்சமாகும் என்று பக்கத்துத் தோட்டத்தார் யோசனை கூறியுள்ளனர். கம்பி வேலிக்கும் நிழல் உண்டு, கம்பியின் கனத்துக்கு. அதில் கோழி நிற்பதெப்படி என்பதை வருங்கால ஆய்வாளர்கள் ஆராயலாம்.

புங்கன் கன்று கொடாப்புக்குள் சுகமாக இருக்கிறது. நிழல் தர இன்னும் சில வருடங்கள் ஆகும். இதை எழுதும் மூன்று மணிக்குக் கொடாப்பு மட்டும் கிழக்கே இரண்டு சாண் நிழல் விட்டிருக்கிறது. அதில் ஒரு வெடக்கோழி ஒண்டிப் படுத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கிறது.